இலைக்குள் தன்னைத் தைத்துக்கொண்ட சிட்டு

குளக்கரைப் பூவரச மரத்தில் அஞ்சலை என்ற தையல்சிட்டு குடியிருந்தாள். அவளுக்கு அலகுதான் ஊசி. இலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, இலவம்பஞ்சைத் திரித்து நாலு குத்துக் குத்தினால் பை தயார். மைனாக் குஞ்சுக்குத் தொட்டில், அணிலுக்குக் கொட்டைப் பை என்று காடு முழுக்க அவளுக்கு ஆர்டர் வரும்.

முன்பெல்லாம் எதிர்க்கரைக் கருவேல மரத்தில், தூக்கணாங்குருவிகளோடு உட்கார்ந்துதான் தைப்பாள். அங்கே ஒரே இரைச்சல். ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள். இன்னொருத்தி அஞ்சலையின் நூலை உருவிக்கொண்டு, "தெரியாம எடுத்துட்டேன்டி!" என்பாள்.

"போதும் சாமி! இனிமே நான் வீட்டுல இருந்தே தச்சுக்கறேன்!" என்று கிளம்பி வந்துவிட்டாள்.

வந்தவள் எல்லோரிடமும் கறாராகச் சொன்னாள். "இலையைக் கிளை பிரியற கவட்டையில வச்சிட்டுப் போங்க. தச்சு அங்கேயே வைக்கிறேன். யாரும் கூப்பிட வேண்டாம்!"

முதலில் சொர்க்கமாக இருந்தது. நினைத்த நேரத்தில் வேலை, நினைத்த நேரத்தில் தூக்கம். இலையோடு ஒட்டி வரும் பூச்சிதான் சாப்பாடு. வெயில் கண்ணைக் குத்தியது என்று பக்கத்தில் ஓர் இலையைச் சேர்த்துத் தைத்தாள். காற்று நூலைக் கலைத்தது என்று இன்னோர் இலை.

அடுத்த கிளையில் அணில் சுப்பக்கா இருந்தாள். தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். "சாப்டியாடி? என்ன தைக்கிற? அந்த மைனா வீட்டுச் சண்டையைக் கேட்டியா?"

"அக்கா, கை வேலை கெடுது! நீங்க இனிமே வராதீங்க!"

சுப்பக்கா வாலை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனாள். அவள் எட்டிப் பார்த்த இடத்திலும் ஓர் இலையைத் தைத்தாள் அஞ்சலை. இப்போது கவட்டைப் பக்கம் ஒரே ஓர் ஓட்டைதான் மிச்சம். உள்ளே பச்சை இருட்டு.

நாள் போகப் போக, வெளியே காலையா சாயங்காலமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இலையோடு பேசினாள். நூலோடு கோபித்துக்கொண்டாள். சில நாள் அதுவும் இல்லை.

அப்படியொரு பொழுதில்தான் அந்தக் குரல் கேட்டது. மரத்தின் அடியிலிருந்து, மெதுவாக, வழவழவென்று வந்தது.

"என்னம்மா, வேலை ஆச்சா?"

அஞ்சலைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "ஆச்சுங்க! நீங்க யாரு?"

"அக்கம்பக்கம்தான். இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலைங்க."

"நல்லது... நல்லது" என்றது குரல். அப்புறம் இலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாளும் குரல் வந்தது. அதே கேள்வி. அதே பதில். "நல்லது... நல்லது." இந்தத் தடவை அது அடிமரத்தின் நடுவிலிருந்து வந்தது. அதற்கடுத்த நாள் முதல் கிளையிலிருந்து வந்தது.

'என்ன தங்கமான குணம்! உள்ளே வந்து தொந்தரவு பண்ணாம, ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுப் போகுது' என்று அஞ்சலை நினைத்தாள். அந்தக் குரலுக்காகக் காத்திருக்கவும் ஆரம்பித்தாள்.

ஒருநாள், பை பிரிந்துவிட்டது என்று சண்டை பிடிக்க மைனா வந்து, காச்மூச்சென்று கத்திவிட்டுப் போனது. அன்று குரல் மறுபடி மரத்தடியிலிருந்து கேட்டது.

"இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"மைனா வந்துச்சுங்க. ஒரே சத்தம்!"

இந்தத் தடவை குரல் "நல்லது" என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு யாரும் வராத நாட்கள். குரல் ஒவ்வொரு கிளையாக ஏறி வந்தது. அஞ்சலைக்குக் கழுத்து இறகு ஏனோ சிலிர்த்தது. 'ஆள் வந்தா இது தள்ளிப் போகுது. ஆள் வராட்டி கிட்ட வருது. ஏன்?'

அன்று சாயங்காலம் அவள் தலை நிமிர்ந்தபோது ஓட்டை விளிம்பில் ஒரு பச்சைக் கொடி கிடந்தது. காலையில் அது அங்கே இல்லை. காற்று அடித்தது; இலையெல்லாம் அசைந்தது; கொடி அசையவில்லை. அந்தக் கொடிக்குக் கண் இருந்தது. கண் இமைக்கவே இல்லை.

"இன்னைக்கும் யாரும் வரலையா, அஞ்சலை?" என்றது கொடி.

அது பச்சைப்பாம்பு.

அஞ்சலை சமாளிக்கப் பார்த்தாள். "வந்... வந்தாங்க! சுப்பக்கா வந்திருக்காங்க! இதோ, உள்ளேதான் உட்கார்ந்திருக்காங்க!"

"அப்படியா? ஒரு வார்த்தை பேசச் சொல்லு. கேட்டுட்டுப் போயிடறேன்."

உள்ளே யார் பேசுவது? பச்சை இருட்டுதான் இருந்தது.

"அவ வர மாட்டாளே, கண்ணு. வராதேன்னு நீதானே சொன்னே! நான் கீழே இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." பாம்பின் தலை மெல்ல உள்ளே நீண்டது. "நீ இல்லாமப் போனா என்ன ஆகும்? கவட்டையில இலை குவியும். ரெண்டு நாள் பார்ப்பாங்க. அப்புறம் வேற தையல்காரி பார்த்துக்குவாங்க. அவ்வளவுதான்."

அஞ்சலை கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை! யாரையும் உரக்கக் கூப்பிடாமல் கிடந்து கிடந்து தொண்டை துருவேறிப் போயிருந்தது. பின்னால் ஒதுங்கினாள். முதுகில் இலைச் சுவர் இடித்தது. எல்லாம் அவளே இழுத்து இழுத்துத் தைத்த தையல்.

தைத்தவளுக்குத்தானே எங்கே இழுத்தால் பிரியும் என்று தெரியும்! சட்டென்று திரும்பி, நூல் முனையை அலகால் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தாள். சர்ரென்று தையல் விட்டது. பாம்பு பாய்ந்தது, அதன் வாய் நிறையப் பஞ்சு. அஞ்சலை வெளியே உருண்டாள்.

பறக்காமல் கிடந்த சிறகு சொன்னபடி கேட்கவில்லை. கல்லைப் போலப் புல்லில் விழுந்தாள். பாம்பு தலைகீழாக மரத்தில் வழிந்து இறங்கியது.

"சு... சுப்பக்கா!"

குரல் கரகரவென்றுதான் வந்தது. ஆனால் வந்தது!

மேலே ஒரு வால் விடைத்தது. "யாரது?" என்று எட்டிப் பார்த்த சுப்பக்கா பாம்பைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, பாம்பு! பாம்பு! எல்லாரும் ஓடியாங்க!" என்று காடே அதிரக் கீச்சிட்டாள். மைனா வந்தது. எதிர்க்கரையிலிருந்து தூக்கணாங்குருவிகள் மொத்தமாகப் பறந்து வந்தன. தலையில் கொத்தின, வாலில் கொத்தின, கத்தியே அதைக் கலங்கடித்தன. பாம்பு புதருக்குள் நழுவியது. போகிற போக்கில் ஒருமுறை திரும்பி, ஒவ்வொரு மரத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனது.

"ஏன்டி, உன் குரலா அது? கிழட்டுத் தவளை ஏதோ கத்துதுன்னுல்ல எட்டிப் பார்த்தேன்!" என்றாள் சுப்பக்கா.

"பார்த்தீங்களே, அது போதும்க்கா" என்று அழுதாள் அஞ்சலை.

"தச்ச பை நேரத்துக்கு வந்துக்கிட்டே இருந்துச்சா, நீ நல்லாத்தான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டோம்டி" என்றது ஒரு தூக்கணாங்குருவி. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னது.

அஞ்சலை கருவேல மரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தனியாகத் தைப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். அதே பூவரசில் புது வீடு தைத்தாள். ஆனால் சுப்பக்காவின் கிளையைப் பார்த்த பக்கத்தை அகலமாகத் திறந்து வைத்தாள். காலையில் ஊசியைத் தொடும் முன் குளத்துக்குப் போய், தாகம் இல்லாவிட்டாலும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, நாலு பேரிடம் வாயாடிவிட்டு வருவாள். வேலை நெருக்கும்போது, "அக்கா, இப்ப கை ஓயல, சாயங்காலம் கட்டாயம் வாங்க!" என்பாள். சுப்பக்காவும் வந்துவிடுவாள்.

தனியாக இருந்து வேலை செய்வதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஒருநாள் நம்மைக் காணவில்லை என்றால், வேலையை அல்ல, நம்மைத் தேடி வர நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.