ஊறலில் கொஞ்சம் உமி

மெல்பர்னில் ஒரு கார் ஷெட். அதுதான் ஆசிரமம். உள்ளே பெரிய எவர்சில்வர் அண்டா, அதன் அடியில் சல்லடைத் தட்டு, அதற்கும் கீழே ஒரு குழாய். குருவின் பெயர் ரெஜினா, தூத்துக்குடிக்காரி. சீடர் தணிகாசலம், குருவுக்கு அப்பா வயது.

அவர் பீர் குடிப்பவரே அல்ல. மகள் இந்துமதி குடிப்பாள் என்று தெரிந்தபோது கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, எப்படியும் குடிக்கத்தான் போகிறாள், நம் கையால் செய்ததைக் குடிக்கட்டுமே என்று பீர் காய்ச்சக் கற்றுக்கொள்ள ரெஜினாவிடம் வந்து சேர்ந்தார். அப்பாக்களின் புத்தி அப்படித்தான் போகும்.

இந்துமதி பக்கத்துத் தெருவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். கொஞ்ச காலமாக அதுவும் குறைந்துவிட்டது. இந்த வாரமும் வரவில்லை என்று அன்று காலையில்தான் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

"குருவே, ஓட்ஸ் போட்டா பீர் மெத்துன்னு தொண்டையில இறங்கும்னு சொன்னியே."

"சொன்னேன். ஒரு கிண்ணம்."

"நான் மூணு போட்டுட்டேன். அவளுக்கு மெத்துன்னு இருந்தாத்தான் பிடிக்கும்."

ரெஜினா குழாயைத் திறந்தாள். ஊறலிலிருந்து இனிப்புச் சாறு கொட்டியிருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். உடைத்த பார்லியும் ஓட்ஸும் வெந்நீரில் ஒட்டிப்போய்க் களியாகக் கிடந்தன.

தணிகாசலம் துடுப்பை எடுத்து அழுத்திக் கிண்டினார். இன்னும் இறுகியது. இன்னும் அழுத்தினார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

"நல்லதைத்தானே போட்டேன்?" கிண்டுவதை நிறுத்தினார். "காலையில டிபன் கொண்டுபோய்க் கொடுக்கறேன். மத்தியானம் சாப்ட்டியான்னு கேக்கறேன். சாயங்காலம் வந்துட்டியான்னு கேக்கறேன். இது ஒரு தப்பா? இப்ப போனையே எடுக்க மாட்டேங்கிறா. என்னம்மா குறை வச்சேன் நான்?"

அவர் ஓட்ஸைப் பற்றிப் பேசவில்லை என்று ரெஜினாவுக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. எழுந்துபோய் ஒரு பையைக் கொண்டுவந்தாள்.

"என்னம்மா இது, உமி! எங்க ஊர்ல இதைச் சூளையில போட்டு எரிப்போம்."

"இங்க இதுல போடுவாங்க."

"இனிக்குமா?"

"இனிக்காது."

"வாசனை?"

"கெடையாதுய்யா."

"சத்து ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது."

"அப்புறம் எதுக்கு?"

"நடுவுல எடம் விடும்யா, சாறு இறங்க." ரெஜினா உமியை அலசி அண்டாவில் போட்டாள். அவர் கையிலிருந்த துடுப்பை வாங்கி மெதுவாகக் கலந்துவிட்டு, சுவரில் சாத்தி வைத்தாள்.

"கிண்ட வேணாமா?"

"வேணாம்."

"லேசா அழுத்திவிட்டா?"

"வேணாம்யா. உக்காருங்க."

உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை. விரலில் சொடுக்கு எடுத்தார், அண்டாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். ரெஜினா தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் குழாயைத் திறந்தாள்.

முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. அப்புறம் நூலாக இறங்கியது. கலங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்து, தேன் நிறத்துக்கு வந்தது. ஒரு டம்ளரில் பிடித்து, ஆறவைத்து அவரிடம் நீட்டினாள்.

தணிகாசலம் சப்புக்கொட்டிப் பார்த்தார். "மெத்துன்னுதான்மா இருக்கு. போட்ட ஓட்ஸ் வீணாப் போகலை."

"எங்கய்யா போகும்? உள்ளதான இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "இதை இப்பவே அவகிட்டச் சொல்லணும்" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

ரெஜினா குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அந்தத் துடுப்பையும் சாத்தி வைங்கய்யா."