வளை வாசலில் பேசிய குரல்

பாறைச் சரிவில், ஓடைக்கு இந்தப் பக்கம், சடைச்சி என்ற முள்ளம்பன்றி தனியாகக் குடியிருந்தாள். வயதாகிவிட்டது. கண் மங்கல், இடுப்பில் பிடிப்பு. வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. கிழங்கு கசந்தாலும் திட்டுவாள், இனித்தாலும் திட்டுவாள்.

அக்கரையில் அவள் மகள் குருவம்மா, புருஷன் குட்டிகளோடு இருந்தாள். வெயில் காலத்திலேயே அவள் வந்து கேட்டாள்.

“மழைக்கு முன்னாடி பேசி முடிவு பண்ணிருவோம்மா. எங்க பக்கத்துல உனக்கு ஒரு வளை தோண்டுறோம். உனக்கு முடியாமப் போனா யார் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போறது, யார் துணைக்குப் படுக்கிறது, எல்லாத்தையும் இப்பவே பேசிக்குவோம்.”

“எனக்கு இப்ப என்ன வந்துருச்சு? அதுக்குள்ள பாடை கட்டப் பாக்குறியா? வரும்போது பாத்துக்கலாம், போ.”

வந்தது. மழை வந்தது, ஓடையில் வெள்ளமும் வந்தது. ஈரப் பாறையில் சறுக்கி விழுந்து, சடைச்சிக்குப் பின்னங்கால் பிசகிக்கொண்டது. மகளைக் கூப்பிட வெட்கம். வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது?

அன்று சாயங்காலமே வளை வாசலில் ஏதோ சரசரத்தது. பட்டம்மா என்ற மலைப்பாம்பு தலையை நீட்டினாள். யாரும் சொல்லாமல் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று சடைச்சி யோசிக்கவில்லை. வலி யோசிக்க விடவில்லை.

“முடியாதவங்களை வீடு தேடி வந்து பாத்துக்கிறதுதான் என் வேலை, அக்கா. பக்கத்து வளை உலகன் அண்ணனையும் நான்தான் பாத்துக்கிறேன்.”

சடைச்சிக்கு நிம்மதியாக இருந்தது. உலகனும் தனியாக இருக்கும் கிழட்டு முள்ளம்பன்றிதான். அவன் மகன் தினமும் அக்கரையில் நின்று, “அப்பா, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பான். “நல்லா இருக்கேன்யா. நீ போ” என்று பதில் வரும். பின்னாலேயே ஓர் இருமல். தினமும் அதே பதில், அதே இருமல்.

பட்டம்மா கிழங்கு கொண்டுவந்து போட்டாள். மழை விட்ட நேரத்தில் பாறையில் கிடந்து காய்ந்து, அந்தச் சூட்டோடு வந்து சடைச்சியைச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். இடுப்புக்கு இதமாக இருந்தது. ஆனால் நாளுக்கு நாள் அந்தச் சுற்று கொஞ்சம் இறுகியது.

“இந்த முள்ளெல்லாம் உன்னைத்தானே குத்துது, அக்கா. எடுத்துடவா?”

எடுத்தாள். மெதுவாக, வலிக்காமல், ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததை ஓரமாக அடுக்கி வைத்தாள். சடைச்சிக்கு முதுகு லேசானது, கூடவே குளிரத் தொடங்கியது.

பட்டம்மாவோடு ஒரு மலைமைனாவும் வரும். வாசலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, சடைச்சியின் வாயையே பார்க்கும்.

“உன் மக வந்து கேட்டா என்ன சொல்லுவ?” என்றாள் பட்டம்மா.

“கால் போச்சு, இடுப்பு போச்சு, பெத்த மக இருந்தும் அநாதையாக் கிடக்கேன்னு சொல்லுவேன்.”

“ஐயையோ, அப்படிச் சொன்னா அது வெள்ளத்துல இறங்கிரும். ‘நல்லா இருக்கேன், நீ போ’ன்னு சொல்லு. எங்கே, சொல்லிப் பாரு.”

சடைச்சி சொன்னாள்.

“இன்னொரு தடவை.”

மறுபடியும் சொன்னாள். அவள் குரலோடு சேர்ந்து மைனாவின் தொண்டையும் அசைந்தது.

ஒரு சாயங்காலம் அக்கரையில் குருவம்மா கூப்பிட்டாள். “அம்மா, எப்படி இருக்கே?”

சடைச்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலிலிருந்து அவள் குரலே பேசியது.

“நல்லா இருக்கேன். நீ போ.”

 பேசியது தான்தானோ என்று சடைச்சி ஒரு கணம் குழம்பினாள். பிறகுதான் பக்கத்து வளையின் இருமல் அவளுக்கு விளங்கியது.

“உலகன் எங்கே, பட்டம்மா?” என்று மெல்லக் கேட்டாள்.

“உள்ளதான் இருக்காரு” என்ற பட்டம்மா, தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

சுற்று இறுகியது. கத்த மூச்சு வரவில்லை. அக்கரையில் “சரிம்மா” என்ற குரலும், திரும்பிப் போகும் காலடியும் கேட்டன. என் பிள்ளை போகுதே, என் பிள்ளை போகுதே என்று சடைச்சி மனசுக்குள் அழுதாள்.

காலடி நின்றது.

“எங்கம்மாவாவது, நல்லா இருக்கேன்னு சொல்றதாவது?” என்று குருவம்மா தன் புருஷனிடம் கேட்பது காதில் விழுந்தது. “ஒரு திட்டு இல்லை, ஒரு குறை இல்லை. அது எங்கம்மா இல்லைங்க.”

அடுத்த நொடி, தண்ணீரில் இரண்டு பேர் விழுந்து நீந்தும் சத்தம் கேட்டது.

முள்ளம்பன்றி பின்பக்கமாகத்தான் பாயும். மகளும் மருமகனும் முள்ளை விரித்துக்கொண்டு அப்படியே வளைக்குள் புகுந்தார்கள். முகமெல்லாம் முள் தைத்த பட்டம்மா, சுற்றை விட்டுவிட்டுப் புதருக்குள் நழுவிப் போனாள். மைனா பறந்துவிட்டது. பறக்கும்போதும் சடைச்சியின் குரலில், “நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்” என்றே சொல்லிக்கொண்டு போனது.

பக்கத்து வளையில் போய்ப் பார்த்தார்கள். ஓரமாக அடுக்கி வைத்த முள் இருந்தது. உலகன் இல்லை.

மறுநாள் அவன் மகன் அக்கரைக்கு வந்து, வழக்கம்போலக் கேட்டான். பதில் இல்லை. சடைச்சிதான் கரைவரை நொண்டிப் போய் விஷயத்தைச் சொன்னாள். “குரல் கேட்டுச்சே, தினமும் கேட்டுச்சே” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். “ஒரு நாள்கூட இறங்கி வந்து பாக்கலையே நான்” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

சடைச்சி மொட்டை முதுகோடு, கூட வந்திருந்த மகள் பக்கம் திரும்பினாள்.

“உக்காரு. உன் புருஷனையும் உக்காரச் சொல்லு. கேக்க வெட்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் கேக்குறேன். இனிமே என்னை யார் பாத்துப்பீங்க, எப்படிப் பாத்துப்பீங்க?”

முடியாத காலத்துக்கு யார் துணை என்பதை முடிகிற காலத்திலேயே வாய்விட்டுப் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தத் துணை எப்படி இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் காதால் கேட்டால் போதாது, உள்ளே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும்.