புள்ளி வைத்த எழுத்து

தெருவுக்கொரு கடையில் கம்ப்யூட்டர்கள் இரைந்துகொண்டிருந்த காலம் அது. அச்சுக்கு எழுத்து அடித்துக் கொடுக்கும் பாளையங்கோட்டை டிடிபி சென்டர் ஒன்றில் வடிவு, கல்லூரிப் பழைய மாணவர் மலருக்காக நாலாயிரம் பெயர்களை அடித்து முடித்திருந்தாள். சங்கச் செயலாளர் தீத்தாரப்பன் பத்து மணி டீயோடு வந்து பார்த்தார்.

“இனிஷியல் எல்லாம் பின்னால நிக்கு. நான் டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள முன்னால வரணும். இல்லன்னா வேலை வேற கடைக்குப் போயிரும்.”

வடிவு தேடும் கட்டத்தில் புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே ஒரு வரி அடித்தாள். பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த எழுத்து இருந்தால் தூக்கி முன்னால் வை என்று அதற்கு அர்த்தம். பொத்தானைத் தட்டினாள். நாலாயிரமும் மாறிவிட்டன. டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது.

தீத்தாரப்பன் தன் பெயரைத் தேடிப் பார்த்துப் பதறினார். “எம்.ஏ. தீத்தாரப்பனா? ஏ பிள்ள, அது நான் படிச்ச பட்டம்லா! பின்னாலதான் வரணும்.”

“மெஷினுக்குப் பட்டம் எது, இனிஷியல் எதுன்னு தெரியாது சார். சர்டிபிகேட்டைக் கொண்டாங்க, உடனே மாத்திருதேன்.”

டீ ஆறிப்போனது.

“இருக்கட்டும்மா. தாத்தா மாடசாமி, அப்பா ஆறுமுகம். இனிஷியல்தான்.”

கடை இன்று இல்லை. மலர் மட்டும் வடிவின் அலமாரியில் இருக்கிறது. தாத்தாவையும் அப்பாவையும் பட்டமென்று சொல்லித் திரிந்த மனுஷர், அவர்களை ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.