நீலம் பூசிய குழாய்

கடலுக்குள் காற்றாலை வரப்போகிறது என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து பிச்சையா அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. வயது அறுபத்தொன்று. உப்பளத்தை விற்ற பணம் கையில் இருந்தது. இனி உள்ள காலத்துக்குச் சோறு போடப்போவது அது ஒன்றுதான். அதை மொத்தமாக ஒரு கப்பல் கட்டும் தளத்தின் ஷேரில் போட்டுவிடத் துடித்தார்.

துடித்தவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது அவருடைய குரு. குருவுக்கு வயது முப்பத்தெட்டு, பெயர் ரெக்ஸ்லின். முன்பு வெல்டிங்கைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். இப்போது தூத்துக்குடியில் ஒரு பேக்கரி மாடியில் ஷேர் மார்க்கெட் வகுப்பு எடுக்கிறார். அங்கே முதல் பெஞ்ச் மாணவர் நம் அண்ணாச்சி.

“டீச்சர், இவங்களுக்கு அந்தக் காத்தாடி ஆர்டர் கெடைக்குமா?”

“தெரியாது அண்ணாச்சி.”

“தெரியாதா? பின்ன எதுக்கு நான் உங்ககிட்ட படிக்கேன்?”

“வியாழக்கிழமை மாதிரிக் குழாயைச் சோதிக்காங்களாம். ஊர்க்காரங்களும் வந்து பாக்கலாம்னு சொல்லிருக்காங்க. வாங்க, போய்ப் பாப்போம்.”

காற்றாலை கடலடியில் ஊன்றி நிற்க ஓர் இரும்புக் கால் வேண்டும். தகடுகளை வளைத்து, வெல்டு வைத்து, பெரிய குழாயாக்க வேண்டும். அதில் ஒரு துண்டைத்தான் அந்தக் கப்பல் தளத்தில் மாதிரிக்குச் செய்திருந்தார்கள். வெல்டு தேறினால் ஆர்டருக்கு வழி பிறக்கும்.

வியாழக்கிழமை போனால், குழாய் நீல பெயின்டில் பளபளக்கிறது. மேலே மாலை, கீழே கோலம், பக்கத்தில் தட்டு நிறைய மக்ரூன். புதுக் கப்பலைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் பெயின்ட் அடித்து நிறுத்துவது அந்தத் தளத்தின் வழக்கம். குழாய்க்கும் அதையே செய்துவிட்டார்கள்.

“கல்யாணப் பொண்ணு கணக்கால்லா நிக்கு!” அண்ணாச்சிக்கு மனசு நிறைந்துவிட்டது. “நாளைக்கே வாங்கிருதேன் டீச்சர்.”

“மக்ரூன் சாப்பிடுங்க,” என்றார் ரெக்ஸ்லின்.

ஆர்டர் தரும் கம்பெனியின் பரிசோதகர் மெஷினோடு வந்தார். ஒல்லியான மனிதர். குழாயைத் தொட்டார். விரலில் நீலம் ஒட்டியது.

“சோதிக்கிறதுக்கு முன்னாடி யாருங்க பெயின்ட் அடிக்கச் சொன்னது?”

தளத்து மேனேஜர் நெளிந்தார். “நான்தான் சார். நீங்க வாரீங்கன்னு ஒரு மரியாதைக்கு...”

“சுரண்டுங்க.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. போர்மேன் கஸ்பார்தான். அவ்வளவுதான், தளமே சிரிக்கத் தொடங்கியது. கம்பி பிரஷ் வந்தது, கிரைண்டர் வந்தது. மேனேஜரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுரண்டினார். ரெக்ஸ்லினும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரைமணி நேரத்தில் எல்லார் முகத்திலும் நீலம். திருவிழா தோற்றுவிடும்.

அண்ணாச்சி மட்டும் மக்ரூன் தட்டோடு தனியாக நின்றார். “இந்தக் கிறுக்கனுவள நம்பியா பணத்தைப் போடப் பாத்தேன்!”

வெல்டு வெளியே தெரிந்ததும் கஸ்பார் சாக்பீஸோடு வந்து குனிந்தார். ஓரிடத்தில் வட்டம் போட்டார்.

“சார், இந்த எடம் எனக்குச் சந்தேகம். அன்னைக்கு மழை தூறுச்சு. தார்ப்பாய் கட்டுறதுக்குள்ள ஒரு சாண் நனைஞ்சு போச்சு. வெட்டிட்டுத் திரும்ப வைக்கணும்னு இருந்தேன், அதுக்குள்ள பெயின்ட் அடிச்சுட்டாங்க.”

மேனேஜர் தலையில் கைவைத்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

பரிசோதகர் மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். அங்குலம் அங்குலமாக மெஷின் நகர்ந்தது. சத்தமே இல்லை. வட்டத்துக்குள் வந்ததும் கீச்சென்று கத்தியது. தாண்டியதும் அடங்கியது. கடைசிவரை பிறகு கத்தவே இல்லை.

“இதை வெட்டிட்டு மறுபடி வைங்க. அடுத்த வாரம் வர்றேன்.” அண்ணாச்சியின் தட்டிலிருந்து இரண்டு மக்ரூனை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

விசில் பறந்தது. நாலு பேர் சேர்ந்து கஸ்பாரைத் தூக்கிவிட்டார்கள்.

“தப்பு இருக்குன்னு சொல்லிட்டுப் போறாரு. இவனுவ எதுக்கு விசில் அடிக்கானுவ?” அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது.

“மெஷின் எத்தனை தப்பு கண்டுபிடிச்சுது அண்ணாச்சி?”

“ஒண்ணு.”

“எங்க?”

“அந்த வட்டத்துக்குள்ள.”

“வட்டத்துக்கு வெளிய?”

“ஒண்ணுமே இல்ல.” அண்ணாச்சி திரும்பிக் குழாயைப் பார்த்தார்.

“பன்னெண்டு வருசம் நானும் இந்த மெஷினைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன்,” என்றார் ரெக்ஸ்லின். “எனக்கு ஒருத்தரும் வட்டம் போட்டுக் குடுத்ததில்ல.”

அண்ணாச்சியின் முகம் மெல்ல மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் பழைய துடிப்பும் வந்துவிட்டது.

“அப்ப மொத்தத்தையும் போட்டுரவா டீச்சர்?”

ரெக்ஸ்லின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே மேனேஜர் சிரித்துக்கொண்டே முகத்து நீலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவரும் இங்கதான் வேலை பாக்காரு அண்ணாச்சி. கால்வாசி போடுங்க.”