பதில் சொல்லும் மலை

மலை பதில் சொன்னால்தான் கல்யாணம் என்று வாழ்ந்த சனங்களின் கதை இது.

அவர்கள் கும்பிட்ட சாமிக்கு மறுகுரலாத்தா என்று பேர். சிலை கிடையாது, கோயில் கிடையாது, வெறும் குரல்தான். மேற்கு மலைக் குகைக்குள் இருக்கிறாள் என்பார்கள். கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் பள்ளத்தாக்கில் சுண்டுவிரல் கோத்து நிற்பார்கள். கிழக்கு மலைப் பாறையிலிருந்து ஒருவர் அந்த இரண்டு பெயரையும் கூவுவார். மேற்கிலிருந்து ஆத்தா அதே பெயர்களைத் திருப்பிக் கூவினால் குலவை, மேளம், பந்தி எல்லாம் உண்டு. கூவாவிட்டால் விரலைப் பிரித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கூவுகிறவருக்குக் கூவியார் என்று பட்டம். அவர் ஒண்டிக்கட்டையாக இருக்க வேண்டும். அவருடைய சொந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் குரலின் ராசி போய்விடுமாம். சட்டம் போட்ட மகராசன் ஒரு நாளாவது கூவியாராக இருந்து பார்த்திருக்க வேண்டும்!

தும்பையன் கூவியாராகிப் பல வருஷம், தலையும் நரைத்துவிட்டது. கிழக்கு மலைமேல் அவனுடைய குருவின் குடிசைக்குப் பக்கத்தில் அவன் குடிசை. அவரை எல்லோரும் குருவம்மா என்பார்கள், கூவியார் மாதிரி அதுவும் பட்டம்தான். குருவம்மா அவனைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் குரு குருதானே. கல்யாண நாட்களில் விடிந்ததும் மேற்குக் குகைக்கு விரதம் இருக்கப் போவார், பொழுது சாய்ந்து திரும்புவார். தும்பையனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் அவன் வந்து நின்றான்.

"நாளைக்குக் கல்யாணம் முடிஞ்சதும் நான் இறங்கிப் போயிடுறேன், குருவம்மா."

"எங்கே?"

"இந்தச் சட்டம் தெரியாத ஊரா பார்த்து. அங்கே போய் என் பேரைச் சொன்னா, யாராச்சும் ஒருத்தர் கூப்பிட மாட்டாங்களா?"

"அதுக்காகவா போறீங்க?"

"லேசா சொல்லிட்டீங்க. கூவியாரே, கூவியாரேன்னு கேட்டுக் கேட்டு எனக்கே என் பேரு மறந்துடும்போல இருக்கு. தினமும் சாயங்காலம் பாறையில நின்னு என் பேரை நானே கூவிப் பார்க்கிறேன். ஊர்ல உள்ளவங்க பேரையெல்லாம் திருப்பிச் சொல்ற ஆத்தா, என் பேருக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறா. நான் அப்படி என்ன பாவம் பண்ணினேன்?"

குருவம்மா மேற்கு மலையைப் பார்த்தார்.

"நாளைக்கு நான் கூவுறேன். நீங்க குகைக்குப் போங்க."

"போய் விரதம் இருக்கணுமா?"

"போனா தெரியும்."

மறுநாள் காலையில் தும்பையன் மேற்கு மலை ஏறினான். குகைக்குள் ஒரு கோரைப்பாயும் தண்ணீர்க் குடமும் தவிர வேறெதுவும் இல்லை. ஆத்தா இருக்கும் இடமாயிற்றே என்று ஓர் ஓரமாகக் கைகட்டி நின்றான்.

வெயில் ஏறியதும் எதிர் மலையிலிருந்து குருவம்மாவின் குரல் வந்தது.

"முடியா...! பூளையே...!"

ஆத்தா பேசப் போகிறாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். குகை சும்மா இருந்தது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தான். பள்ளத்தாக்கில் அந்தப் பிள்ளைகள் இரண்டும் விரல் கோத்து நின்றன. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"முடியா...! பூளையே...!" என்று உயிரைக் கொடுத்துக் கூவினான். குரல் குகையில் மோதி, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி வெளியே போயிற்று. கீழே குலவைச் சத்தம் எழும்பியது. மேளம் கொட்டியது.

தும்பையன் பாயில் பொத்தென்று உட்கார்ந்தான். அடப்பாவி, இத்தனை வருஷமும் இதுதானா! முதலில் கோபம்தான் வந்தது. சாமி பேரைச் சொல்லி ஊரையே ஏமாற்றியிருக்கிறார்களே என்று பல்லைக் கடித்தான்.

அந்த நேரத்தில் எதிர் மலையிலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"தும்பையா...!"

அவன் எழுந்து வாசலுக்கு ஓடினான்.

"தும்பையா...! தும்பையா...!"

கீழே மேளச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்டது. வயசான மனுஷன் சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதான். பிறகு பதிலுக்குக் கூவ வேண்டும் என்று கையை வாயருகே குவித்தான். அந்தப் பக்கம் நிற்கிறவரின் பெயரைச் சொல்லி உரக்கக் கூவ ஆசை. வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். அவனுக்கு அந்தப் பெயர் தெரியாது.

சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது குருவம்மா அடுப்பில் கஞ்சி வைத்திருந்தார்.

"தினமும் நான் கூவினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஒரு பதில் சொல்லியிருக்கலாமே."

"சாயங்காலம் அந்த மலையில ஏது ஆளு? நான் இங்கே இருந்தேன். சட்டமும் இருந்துச்சு."

"இன்னிக்கு மட்டும் சட்டம் இல்லையா?"

"இன்னிக்கு நீங்க போறேன்னுட்டீங்களே."

தும்பையன் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நான் ஒரு மடையன், குருவம்மா. என் பேரு என் பேருன்னே இருந்துட்டேன். உங்க பேரு என்ன?"

அகப்பையைப் பிடித்திருந்த குருவம்மாவின் கை நின்றுவிட்டது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இங்கே உட்கார்ந்து சொன்னா எப்படி?" என்றார் கடைசியில். "விடியட்டும். நீங்க அந்த மலைக்குப் போங்க. நான் பாறையில நின்னு கூவுறேன்."