ஹெல்மெட்டுக்குள் கேட்ட மன்னிப்பு

இந்தக் கதையில் மூன்று பேர். அவர்களில் ஒருவர்மேல் உங்களுக்கு உடனே கோபம் வரும். முடிவுவரை அதைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோ. நம் கொள்ளுத்தாத்தா காலத்துப் பழிவாங்கும் நாவல் ஒன்றை ஜப்பான்காரர்கள் விண்வெளிக்குத் தூக்கிப்போய் அனிமே என்னும் பொம்மைப்படத் தொடராக்கியிருந்தார்கள். நண்பன் எழுதிய பொய்க் கடிதத்தால் ஒருவன் சனிக்கோளின் நிலவில் பதினான்கு வருஷம் சிறையில் கிடக்கிறான். பிறகு வேறு பெயரில் திரும்பி வந்து பழி தீர்க்கிறான்.

அவனுக்குத் தமிழ்க் குரல் கோதண்டம், வயது ஐம்பத்தெட்டு. துரோகிக்குக் குரல் ஜெகதீசன். ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இருபது வருஷத்துக்கு முன் டப்பிங் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கோதண்டம் மட்டும் திருட்டுத்தனமாகப் போய்க் குரல் கொடுத்தார் என்று சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஆறு வருஷம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் பேசவேண்டிய கதாநாயகர்களெல்லாம் ஜெகதீசனுக்குப் போனார்கள். எழுதியது ஜெகதீசன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெகதீசன் மட்டும் சொல்லவில்லை. கோதண்டமும் கேட்கவில்லை. முதலில் கொதித்தார், பிறகு அழுதார், அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினால் எப்படி இருக்கும், அப்படித்தான் நாட்கள் போயின.

டப்பிங்கில் ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் பேசுவார்கள். ஜெகதீசன் காலையில் பேசிவிட்டு ஒன்றரைக்குக் கிளம்புவார். கோதண்டம் இரண்டு மணிக்கு உள்ளே போய், அந்தக் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தன் வசனத்தைப் பேசுவார். ஆனால் மூன்று மாதமாக அவர் ஒன்றேகாலுக்கே வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். ஸ்டுடியோவுக்கு அது ஒன்றுதான் வாசல். ஜெகதீசன் உள்ளேயே பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து, அவரைத் தாண்டிப் போவார்.

கடைசிக்கு முந்திய அத்தியாயம். துரோகி மண்டியிடுகிறான். விண்வெளி ஹெல்மெட் போட்டிருப்பதால் அவன் உதடு தெரியாது. அங்கே என்ன பேசினாலும் பொருந்தும். பேப்பரில் இருந்த வசனம், "உன்னைச் சிறையில் போட்டது சட்டம், நான் இல்லை." ஹெட்போனில் வந்தது வேறு.

"அந்த லெட்டரை எழுதினது நான்தான்டா. நீ அன்னிக்குக் காய்ச்சலா வீட்ல படுத்துக் கிடந்தே. எனக்குத் தெரியும். மன்னிச்சிடு."

வேலைநிறுத்தத்தின்போது வந்த அந்தக் காய்ச்சலுக்கு ரொட்டி வாங்கி வந்து கொடுத்ததே ஜெகதீசன்தான். கோதண்டம் தனக்குக் கோபம் வருமா என்று பார்த்தார். வரவில்லை. அழுகையாவது வருமா என்று பார்த்தார். அதுவும் இல்லை. கை மட்டும் பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் மெர்லின் மைக்கில் பேசினாள். "சார், ஜெகதீசன் சார் மாத்திப் பேசிட்டார். காய்ச்சல் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கும் புரியல. ஆனா கேட்டப்போ உடம்பு சிலிர்த்துடுச்சு, வெட்ட மனசு வரல. நீங்களும் வேணும்னா 'மன்னிச்சிட்டேன்'னு மாத்திக்கங்க, வாயசைவுக்கு ரெண்டும் உக்காரும். நாளைக்கு அவர் உங்க பதிலைக் கேட்டுட்டுத்தான் அடுத்த சீன் பேசணும்."

"பேப்பர்ல இருக்கறதே இருக்கட்டும்மா," என்றார் கோதண்டம்.

படம் ஓடியது. "மன்னிக்க மாட்டேன்." ஒரே டேக்கில் ஓகே.

இப்போது சொல்லுங்கள். உதடு தெரியாத இடம் பார்த்து வசனத்தை மாற்றினார் ஜெகதீசன். யார் யாரிடம் கேட்ட மன்னிப்பு என்று தெரியாமலே அதை வெட்டாமல் காப்பாற்றினாள் மெர்லின். மாற்ற இடமிருந்தும் மாற்றாமல் பேசினார் கோதண்டம். இதில் யார் செய்தது சரி?

விடை: கோதண்டம். மூன்று மாதமாக வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்காததை, ஜெகதீசன் ஒரு பொம்மையின் ஹெல்மெட்டுக்குள் ஒளிந்துகொண்டு இன்னொரு பொம்மையிடம் கேட்டார். பொம்மை கேட்டதற்குப் பொம்மை பதில் சொல்லிவிட்டது. பாவம், மெர்லினுக்கு வாசலைப் பற்றி என்ன தெரியும்? கோதண்டத்திடம் இன்னும் யாரும் கேட்கவே இல்லை. மறுநாள் அவருக்கு ஸ்டுடியோவில் வேலை கிடையாது. ஆனாலும் ஒன்றேகாலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்டால் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியாது. ஒன்றரைக்குக் கதவு திறந்தது. ஜெகதீசன் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார்.