ஒரு சுவர், இரண்டு மார்க்

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு நியாயம் கேட்கப் போகிறேன். அதனால் பாதியில் கொட்டாவி விடாமல், யார் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதைக் கவனித்து வையுங்கள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில் ஒரு பெரிய வீடு. அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஊர் சுற்றிப் பார்க்க வரும் இளவட்டங்களுக்குக் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடும் ஹாஸ்டல் ஒன்றை, அண்ணன் மனைவி மேகலா தன் பாதியில் தொடங்கினாள். அது நன்றாக ஓடுவதைப் பார்த்து, தம்பி மனைவி ஜெயசுதா மறுபாதியில் இன்னொன்று தொடங்கினாள். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் மேகலாவை இன்னும் விடவில்லை.

இருவரும் ஒரே இணையதளத்தின் மூலம்தான் ஆள் பிடித்தார்கள். தங்கிவிட்டுப் போகிறவர்கள் அந்தத் தளத்தில் சுத்தம், பாதுகாப்பு, கவனிப்பு, கலகலப்பு, இருக்கும் இடம் என்று தலைப்புத் தலைப்பாக மார்க் போடுவார்கள். சராசரி பார்த்து ஊருக்கு ஒரு ஹாஸ்டலைத் தளம் முதலிடத்தில் வைக்கும். டிசம்பர் சீசனுக்கு வருகிறவர்கள் முதலில் இருப்பதைப் பார்த்ததுமே பதிவு செய்துவிடுவார்கள். இரண்டாவது பெயர்வரை விரல் இறங்குவது அபூர்வம்.

சுத்தத்தில் மேகலா சூரப்புலி. அவள் வீட்டுக் குளியலறைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அந்தத் தலைப்பில் அவள் கை ஓங்கியே இருந்தது. மற்றவற்றில் இருவரும் ஏறக்குறைய சமம். ஆனால் 'இருக்கும் இடம்' என்ற தலைப்பில் ஜெயசுதாவுக்குப் பத்துக்கு ஒன்பதரை, மேகலாவுக்கு வெறும் ஏழு. அந்த ஒன்றால் முதலிடம் ஜெயசுதாவுக்குப் போய்விட்டது.

மேகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுத்தத்தில் தோற்றிருந்தால்கூட இன்னும் கொஞ்சம் தேய்த்திருப்பாள். இடத்தை எதைப் போட்டுத் தேய்ப்பது? தினமும் காலையில் காபி ஆறுவது தெரியாமல் ஜெயசுதாவுக்கு வந்த விமர்சனங்களை ஒன்று விடாமல் படித்தாள். தனக்கு வந்தவற்றைப் படிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"கடலு அவ வீட்டுக்கு மட்டும் கிட்ட வந்து நிக்குதா?" என்று கணவர் ஏகாம்பரத்திடம் கேட்டாள். வாயைத் திறந்தால் தம்பி பக்கம் பேசுவதாக ஆகிவிடும் என்று அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தளத்தில் தன் ஹாஸ்டலைப் பற்றி மேகலா, 'படுக்கையிலிருந்தே கடல் தெரியும்' என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு படம். ஏகாம்பரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று எடுத்தது. ஜெயசுதாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. 'கடலுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், வழியில் கருவாடு காயும், நாற்றம் அடிக்கும்' என்று எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்துவிட்டு மேகலா விழுந்து விழுந்து சிரித்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்று அவளுக்குப் பரிதாபம்கூட வந்தது.

கடைசியில் மேகலா தளத்துக்குப் புகார் அனுப்பினாள். விசாரிக்கச் சென்னையிலிருந்து தணிகாசலம் என்ற அதிகாரி வந்தார். கைபேசியில் தூரம் காட்டும் செயலியைப் போட்டுக்கொண்டு, வெயிலில் வியர்த்து வழிய, இரண்டு வாசலிலிருந்தும் கடல்வரை நடந்து பார்த்தார்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே தூரம்தான் மேடம்," என்றார்.

"அப்போ அவளுக்கு இருக்கிற மார்க்கையே எனக்கும் போடுங்க," என்றாள் மேகலா.

சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருந்த ஜெயசுதா ஓடி வந்தாள்.

"வந்து தங்கினவங்க போட்ட மார்க்கு அது, அக்கா. நானா போய்க் கேட்டு வாங்கல. இடம் பொதுன்னா சுத்தமும் பொதுதான். உங்க பெட்ஷீட்டும் என் பெட்ஷீட்டும் ஒரே லாண்டரிலதானே வெளுக்குது? சுத்தத்துல உங்களுக்கு வந்த மார்க்கை எனக்கும் போடச் சொல்லுங்க!"

பார்த்தீர்களா, பொறாமை எங்காவது ஒருதலையாக இருந்திருக்கிறதா? ஜெயசுதாவும் இத்தனை நாள் அந்தச் சுத்த மார்க்கை நினைத்துப் புழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"முட்டி தேயத் தரையைத் துடைக்கிறது நான், மார்க்கு உனக்கா?" என்று மேகலா கத்திய கத்தலில் மாடியில் தூங்கிய விருந்தினர்கள் எழுந்துவிட்டார்கள்.

தணிகாசலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இடம் ஒண்ணா இருக்கும்போது மார்க்கு ரெண்டா இருக்கக் கூடாது. இந்த ஊருக்கு அந்தத் தலைப்பையே எடுத்துடறேன். பிரச்சினை தீர்ந்தது," என்றார். எடுத்தும் விட்டார். சுத்தத்தின் பலத்தில் மேகலா முதலிடத்துக்கு ஏறினாள். அன்று அவள் செய்த கேசரியின் நெய் மணம் சுவரைத் தாண்டிப் போக வேண்டும் என்றே ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

இப்போது சொல்லுங்கள். இடம் ஒன்றென்றால் மார்க்கும் ஒன்றுதான் என்ற மேகலா, விருந்தினர் போட்டது போட்டதுதான் என்ற ஜெயசுதா, தலைப்பையே தூக்கிவிட்ட தணிகாசலம். ஒரே சுவரின் இரண்டு பக்கங்களுக்கு வேறு வேறு மார்க் எப்படி வந்தது? மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: ஜெயசுதா சொன்னதில் முதல் பாதி நியாயம், சுத்தத்தில் பங்கு கேட்டது அடாவடி. நினைத்து வந்ததற்கும் கண்ணால் கண்டதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் விருந்தினர்கள் மார்க் போட்டார்கள். கருவாட்டு நாற்றத்துக்குத் தயாராக வந்தவனுக்குக் கொஞ்சம் நடந்ததும் கடல் கிடைத்தது. படுத்தபடி கடலைப் பார்க்க வந்தவனுக்கு எதிர்வீட்டுச் சுவர் கிடைத்தது. மேகலாவுக்கு வந்த விமர்சனங்களில் இதைப் பச்சையாகவே எழுதியிருந்தார்கள். தூரத்தை அளந்த தணிகாசலமும் அவற்றைப் படிக்கவில்லை. அவர் தலைப்பை எடுத்தார், விருந்தினரின் கோபத்தை அவரால் எடுக்க முடியவில்லை. அந்த டிசம்பரில் மேகலாவின் கட்டில்கள் நிரம்பி வழிந்தன. ஏமாந்தவர்கள் இடத்துக்கு மார்க் குறைக்க வழியில்லாமல், கண்ணில் முதலில் பட்ட தலைப்பில் குறைத்துவிட்டுப் போனார்கள். பளபளக்கும் அந்தக் குளியலறைக்கு இப்போது பத்துக்கு ஆறு. சுத்தம் என்ற தலைப்பையும் எடுத்துவிடும்படி மேகலா தளத்துக்கு எழுதியிருக்கிறாள்.